பட்டென்று முறியும் கார்பன் ஃபைபர், மோதலில் ஆளை எப்படிக் காப்பாற்றுகிறது?

உங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கார்பன் ஃபோர்க் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பட்டென்று முறிந்துவிட்டது. பழைய இரும்பு ஃபோர்க்காக இருந்தால் வளைந்திருக்கும், முறிந்திருக்காது. அப்படியிருக்க, அதே கார்பன் ஃபைபரை எஃப்1 பந்தயக் காரின் மூக்கில் வைத்துவிட்டு, சுவரில் மோதினாலும் ஓட்டுநர் பிழைப்பார் என்கிறார்களே, அது எப்படி? உண்மை என்றால் நாம் வாங்கும் கார்களில் ஏன் அதைப் போடுவதில்லை? கடிதத்தில் நீங்கள் கேட்டவை இவை இரண்டும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: வளையவே தெரியாத ஒரு பொருள், மோதலின் ஆற்றலை எங்கே கொண்டுபோய்ப் போடும்? ரொம்ப நியாயமான சந்தேகம். காம்போசிட், அதாவது இழையைப் பிசினில் பதித்துச் செய்யும் பொருள், அதில் செய்த குழாய்களையும் கூம்புகளையும் பிரெஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பதே வேலை என்று எனக்கு 16 வருடம் ஓடிவிட்டது. சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம் இருந்தது.

முதலில் 'தாங்கும்' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். 'இந்த வண்டி மோதலைத் தாங்கும்' என்று பேச்சில் சொல்கிறோம். வண்டியின் முன்பகுதி தாங்கினால் ஆபத்து, அது அழிய வேண்டும். தாங்க வேண்டியது அதற்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் கூடு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் அசையாத சுவரில் மோதுகிறது என்று வையுங்கள். அதன் இயக்க ஆற்றல் சுமார் 145 கிலோ ஜூல். முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நிற்கிறது என்றால், சராசரியாக 240 கிலோ நியூட்டன் விசை வேண்டும், அதாவது உள்ளே இருப்பவருக்கு ஏறத்தாழ 20 ஜி, தன் எடையைப் போல 20 மடங்கு விசை. சீட் பெல்ட் போட்ட உடம்பு அந்த ஒரு கணத்துக்கு இதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதே 145 கிலோ ஜூலை முதல் 5 சென்டிமீட்டரில் ஒரு பெரிய அடியாக வாங்கிவிட்டு, அப்புறம் ஒன்றுமே இல்லாமல் விட்டால் ஆள் பிழைக்க மாட்டார். ஆகவே எவ்வளவு ஆற்றல் வாங்குகிறது என்பது பாதி விஷயம். முதல் மில்லிமீட்டரிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரியான விசையோடு வாங்குகிறதா என்பதுதான் மீதிப் பாதி. சோதனை முடிந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது கிராஃபில் அந்தக் கோடு மேடு பள்ளம் இல்லாமல் ஓடுகிறதா என்பதைத்தான்.

இரும்பிலும் அலுமினியத்திலும் இந்த வேலை ஓரளவு தானாக நடக்கிறது. சதுரக் குழாய் ஒன்றை நிறுத்தி வைத்து மேலிருந்து அழுத்தினால், ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக விழும். ஒவ்வொரு மடிப்பின் முனையிலும் உலோகம் நிரந்தரமாக வளைகிறது. அந்த வளைவில்தான் ஆற்றல் செலவாகிறது. சாதாரண இரும்புத் தகடு அறுவதற்கு முன் 20, 30 சதவீதம்கூட நீளும். கார்பன் இழையோ ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் நீண்டதுமே அறுந்துவிடும். அதைக் கட்டிப் பிடித்திருக்கும் எபாக்சி பிசினும் இறுகியபின் உடையக்கூடிய வகைதான். மடிப்பு விழ வழியே இல்லை. இதுவரை நீங்கள் நினைத்தது அத்தனையும் சரி.

இங்கே ஒரு தேங்காயை நினைத்துப் பாருங்கள். கல்லில் ஒரு போடு போட்டால் தேங்காய் இரண்டாகிவிடும், கைக்கு ஒரு அலுப்பும் இல்லை. அதே தேங்காயைத் துருவி அம்மியில் வைத்துச் சட்னிக்கு அரைத்தால் தோள் வலிக்கும். பொருள் ஒன்றுதான், உடைவதும் அதேதான். ஆனால் ஒரே ஒரு விரிசலில் எல்லாம் முடிந்துபோவதற்கும், கோடிக்கணக்கான சின்ன விரிசல்களோடு ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து மாவாவதற்கும் ஆகும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் ஃபோர்க்குக்கு நடந்தது கல்லில் பட்ட போடு. எஃப்1 மூக்குக்கு நடப்பது அம்மியில் அரைபடுவது. காம்போசிட்டை வைத்து மோதல் பாகம் செய்வது என்றால், அது எந்த வேகத்தில் வந்து எதில் இடித்தாலும் முதல் வகையில் உடையாமல் இரண்டாம் வகையில் அரைபடும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது. இரும்புக்கு ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது சுபாவம். காம்போசிட்டுக்கு நாம்தான் பழக்க வேண்டும்.

பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளிவிட்டம் 50 மில்லிமீட்டர், சுவர் கனம் 2 மில்லிமீட்டர் உள்ள ஒரு கார்பன்-எபாக்சி குழாய். மேல் விளிம்பை 45 பாகையில் சரிவாகச் சீவியிருப்போம். பிரெஸ்ஸின் தட்டு மெதுவாக இறங்கி அந்தக் கூர் விளிம்பைத் தொடும். முதலில் நறநறவென்று ஒரு சத்தம், வறுத்த அப்பளத்தைக் கையில் நசுக்குவது போல. பிறகு சுவரின் கனத்துக்கு நடுவே ஒரு விரிசல் நீளவாக்கில் இறங்கும். சுவர் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உள்ளே சுருளும், மறு பாதி வெளியே மலரும். வாழைப்பூவின் மடல்கள் ஒவ்வொன்றாய் விரிவது மாதிரி இருக்கும். பிளவின் வாயில் நொறுங்கிய பிசினும் இழைத் துணுக்குகளும் சேர்ந்து ஒரு ஆப்பு போல் உட்கார்ந்துகொள்ளும். மரம் பிளக்கிறவர் செருகுகிற ஆப்பின் வேலையைத்தான் அதுவும் செய்யும். தட்டு இறங்க இறங்க, அந்த ஆப்பு கூடவே இறங்கிக் குழாயைப் பிளந்துகொண்டே போகும். கீழே மிச்சமிருக்கும் குழாயில் கீறல்கூட இருக்காது. அழிவு முழுவதும் சில மில்லிமீட்டர் உயரமுள்ள அந்த ஒரு வரிசையில்தான் நடக்கிறது. வேகமான மோதலில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் அடியில் கிடக்கும் கறுப்புத் தூளை அள்ளினால் கையுறையையும் மீறிச் சூடு தெரியும்.

அந்தக் குழாய் சுமார் 28 கிலோ நியூட்டன் விசையில், கிட்டத்தட்ட 3 டன் பாரத்தில், நிதானமாக அரைபடும். பத்து சென்டிமீட்டர் நசுங்கினால் 2.8 கிலோ ஜூல். இதற்குச் செலவான பொருள் 47 கிராம், ஒரு சின்னக் கோழிமுட்டையின் எடை. 50 கிலோ அரிசி மூட்டையை ஐந்தரை மீட்டருக்கும் மேலே, இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து, கீழே போட்டால் வரும் ஆற்றலை அந்த 47 கிராம் விழுங்கிவிடுகிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எங்கோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பப் போட்டேன்.

சரி, ஆற்றல் எங்கே போகிறது? 'அடுக்குகள் பிரிவதில் போகிறது' என்று பல இடங்களில் சுருக்கமாக எழுதிவிடுகிறார்கள். அது போதாது. நீங்களே சரிபார்க்கலாம். ஒரு கிலோ கார்பன்-எபாக்சியை எடுத்து, 0.125 மில்லிமீட்டர் கனமுள்ள அதன் அடுக்குகள் அத்தனையையும் ஒன்று விடாமல் உரித்தால், புதிதாகப் பிரியும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். சாதாரண எபாக்சியில் ஒரு சதுர மீட்டரைப் பிரிக்க 200 முதல் 300 ஜூல் போதும். மொத்தமே ஒன்றேகால் கிலோ ஜூல் அளவுக்குத்தான் வரும். ஆனால் சோதனையில் நாம் பார்ப்பதோ கிலோவுக்கு 60 கிலோ ஜூல். மீதி எல்லாம் இழைகள் முறிவதிலும், பிசின் நசுங்கிப் பொடியாவதிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உராய்விலும் போகிறது. மடல்கள் தட்டின்மேல் உரசுகின்றன, ஆப்போடு உரசுகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன. மொத்தத்தில் பாதியையோ அதற்கு மேலேயோ உராய்வே எடுத்துக்கொள்கிறது என்று 1980களிலிருந்தே மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள். உராய்வின் பங்கு பெரியது என்பது உறுதி. துல்லியமாக எத்தனை சதவீதம் என்பது குழாய்க்குக் குழாய் மாறும், ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு யாராவது வாதிட்டால் நம்ப வேண்டாம். அடுக்குகள் பிரிவது வீண் என்றும் நினைத்துவிடாதீர்கள். தானாக அதிகம் செலவழிக்காவிட்டாலும், மற்ற எல்லாச் செலவுக்கும் கதவைத் திறந்துவிடுவது அதுதான். டெரெக் ஹல் என்ற பிரிட்டிஷ் பேராசிரியர் இந்த நசுங்கலின் வகைகளைப் பிரித்துக் காட்டி 1991இல் எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் புதிதாகச் சேர்பவர்களிடம் முதலில் கொடுக்கிறோம்.

விளிம்பைச் சரிவாகச் சீவுவது என்று மேலே போகிற போக்கில் சொன்னேன். உண்மையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. எங்கள் துறையில் அதற்கு டிரிகர் என்று பெயர். நான் சேர்ந்த வருடம், அவசரத்தில் ஒரு தொகுதிக் குழாய்களைச் சீவாமல் நேராக அறுத்தே மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் கவனிக்காமல் ஒன்றை பிரெஸ்ஸில் நிறுத்திவிட்டேன். விசை ஏறிக்கொண்டே போனது. 28இல் நிற்க வேண்டியது 50ஐத் தாண்டியது, 70, 90. அறையில் எந்தச் சத்தமும் இல்லை. அந்த நறநற சத்தம் வராததே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரே வெடி. குழாய் நடுவில் இரண்டாக அறுந்து, ஒரு துண்டு பாதுகாப்புக் கண்ணாடியில் வந்து அடித்தது. கிராஃபில் ஊசி மாதிரி ஒரு முனை, அதற்கு அடுத்தாற்போல் பூஜ்யம். கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் வாங்கிய ஆற்றல். அங்கே பரப்பு என்று சொல்ல எதுவுமே இல்லை. அதே அச்சு, அதே இழை, அதே பிசின், அதே எடை. இரண்டு மில்லிமீட்டர் சரிவு இல்லாததால் நல்ல குழாய் உதவாத குழாயாகிவிட்டது. எங்கள் மூத்த டெக்னீஷியன் வந்து அந்தத் துண்டுகளை எடுத்து என் கையில் கொடுத்து, "தம்பி, இது தொடங்குற இடத்தை நாம காட்டிக் கொடுக்கணும். இல்லன்னா அது தனக்குத் தோணுன இடத்துல தொடங்கும்" என்றார். அந்தத் துண்டுகள் இன்னும் என் மேஜையில் இருக்கின்றன.

எந்தப் பொருள் எவ்வளவு வாங்கும் என்று ஒரு பொதுவான அளவு கேட்பீர்கள். நேராக நசுங்கும் குழாய்களில், கிலோவுக்கு, சாதாரண இரும்பு 15 கிலோ ஜூலை ஒட்டியும், அலுமினியம் 20 முதல் 30 வரையிலும், கண்ணாடி இழைக் காம்போசிட் 30 முதல் 50 வரையிலும், கார்பன்-எபாக்சி 50 முதல் 80 வரையிலும் வருவது வழக்கம். பீக் என்ற தெர்மோபிளாஸ்டிக்கில், அதாவது சூட்டில் இளகும் பிளாஸ்டிக்கில், கார்பன் இழையைப் பதித்துச் செய்த குழாய்கள் 180 வரைகூடத் தொட்டிருக்கின்றன. இந்த எண்களைப் பொருளின் குணமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பின் அடர்த்தி மாதிரி அட்டவணையில் பார்த்து எடுத்துக்கொள்ளும் எண் அல்ல இது. இழை எந்தத் திசையில் ஓடுகிறது, சுவர் எவ்வளவு கனம், குழாய் வட்டமா சதுரமா, டிரிகர் என்ன வகை என்பதைப் பொறுத்து அதே கார்பனும் அதே எபாக்சியும் 30க்கும் இறங்கும், 80க்கும் ஏறும். நீளவாக்கு இழைகளை விறகுக் குச்சிகள் என்றும், சுற்றுவாக்கு இழைகளை அந்தக் கட்டைச் சுற்றிய கயிறு என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். பாரத்தைத் தாங்குவது குச்சிகள்தான், ஆனால் கயிறு இல்லாவிட்டால் ஆரம்பத்திலேயே கட்டு அவிழ்ந்து குச்சிகள் நாலாபுறமும் சாய்ந்துவிடும். கயிறே அதிகமானால் குச்சிகள் குறைந்து பாரம் ஏறாது. சுவர் ரொம்ப மெல்லியதானால் அரைபடுவதற்கு முன் நெளிந்து முறிந்துவிடும். கெவ்லர் என்ற இழை தனி ரகம். அது பொடியாவதில்லை, கிட்டத்தட்ட உலோகம் போலவே மடிகிறது, வாங்கும் ஆற்றல் கார்பனைவிடக் குறைவு. ஆனால் நசுங்கிய பிறகும் ஒரே துண்டாகச் சேர்ந்திருக்கும். அதனால்தான் சில இடங்களில் கார்பனோடு அதையும் ஒன்றிரண்டு அடுக்கு கலந்து வைக்கிறார்கள்.

இப்போது எஃப்1. 1981இல் மெக்லாரன் அணி, ஜான் பர்னார்ட் வடிவமைத்த எம்பி4/1 காரில், ஓட்டுநரின் கூட்டை முழுக்கக் கார்பன் ஃபைபரில் செய்தது. அந்தக் கூட்டைச் செய்து கொடுத்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்த ஹெர்குலிஸ் என்ற விண்வெளித்துறை நிறுவனம். மோதினால் கண்ணாடி மாதிரி சிதறிவிடும் என்று அன்றைக்குப் பந்தய வட்டாரத்தில் பலர் பயந்தார்கள். நீங்கள் இன்று கேட்கும் கேள்விதான். அதே வருடம் இத்தாலியின் மோன்ஸா பந்தயத்தில் அந்த அணியின் ஓட்டுநர் ஜான் வாட்சனின் கார் தடுப்பில் மோதி, எஞ்சின் பகுதி தனியாகப் பிய்ந்துபோனது. கூடு நின்றது, வாட்சன் தானே நடந்து வெளியே வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் அன்று ஆளைக் காத்தது கூட்டின் உறுதி. மூக்கை அரைபட வைத்து ஆற்றலை வாங்கும் கலை அதற்குப் பின் வருடக்கணக்கில் சோதித்துச் சோதித்து வளர்ந்தது. மூக்குக்கென்று தனிச் சோதனை உண்டு. 2010களில் பல வருடம் இருந்த விதிப்படி, மூக்கை 780 கிலோ வண்டியின் முன்னால் பொருத்தி, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதவிட வேண்டும். சராசரி 40 ஜியைத் தாண்டக் கூடாது. தொடக்கத்திலேயே பெரிய அடி விழக் கூடாது என்பதற்கும் தனி வரம்புகள் உண்டு. அந்த மோதலின் ஆற்றல் கிட்டத்தட்ட 88 கிலோ ஜூல். மூக்கின் நுனியில் சில அடுக்குகள் மட்டும்தான் இருக்கும். பின்னால் போகப் போக அடுக்குகள் கூடிக்கொண்டே போகும். ஆகவே நுனிதான் முதலில் தொடங்கும், விசை மெல்ல ஏறும். மூக்கு முழுவதுமே ஒரு பெரிய டிரிகர் மாதிரிதான்.

எஃப்1 காரின் மூக்கு தூள் தூளாகச் சிதறியதை டிவியில் பார்த்துப் பயந்ததாக எழுதியிருந்தீர்கள். மூக்கு அப்படிச் சிதறினால் அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் எல்லாவற்றையும் கார்பனின் கணக்கில் எழுதுவதும் தவறு. பக்கவாட்டில் எதுவும் குத்தி உள்ளே நுழையாமல் இருக்க, 2007 முதல் கூட்டின் இருபுறமும் ஸைலான் என்ற வேறொரு இழையால் ஆன பலகையை ஒட்டுகிறார்கள். தலைக்கு மேலே 2018இல் வந்த ஹேலோ வளையம் டைட்டானியம். 2020 நவம்பரில் பஹ்ரைனில் எஃப்1 ஓட்டுநர் ரோமன் க்ரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து நெருப்பில் நின்றபோது, 67 ஜி பதிவானது. அங்கே தலையைக் காத்தது அந்த டைட்டானிய வளையம், உடம்பைக் காத்தது முறியாமல் நின்ற கார்பன் கூடு. அரைபட வேண்டிய பாகம் அரைபட, நிற்க வேண்டிய பாகம் நிற்க, குத்தலைத் தடுக்க வேண்டிய பாகம் தடுக்க என்று மூன்று வேலைகளுக்கு மூன்று விதமான பாகங்கள்.

இனி, எதில் துறைக்குள்ளேயே தெளிவு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலாவது, வேகம். பிரெஸ்ஸில் மெதுவாக நசுக்கினால் வரும் எண்ணும், மோதல் வேகத்தில் வரும் எண்ணும் ஒன்றா? ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒத்துப்போவதில்லை. வேகம் கூடினால் ஆற்றல் குறைகிறது என்கிறார்கள் சிலர், கூடுகிறது என்கிறார்கள் வேறு சிலர், மாற்றமே இல்லை என்பவர்களும் உண்டு. பிசின் வேகத்தில் ஒரு பக்கம் இழுக்கிறது, உராய்வு வேகத்தில் மறுபக்கம் இழுக்கிறது. எது ஜெயிக்கிறது என்பது ஒவ்வொரு குழாயிலும் வேறு என்பது என் எண்ணம். நான் சோதித்த எபாக்சிக் குழாய்களில் பெரும்பாலும் வேகத்தில் கொஞ்சம் குறைந்தது, அதை வைத்துப் பொது விதி சொல்ல மாட்டேன். இரண்டாவது, கம்ப்யூட்டர் கணக்கு. இரும்புக் குழாய் நசுங்குவதை எல்எஸ்-டைனா போன்ற மென்பொருளில் முன்கூட்டியே நல்ல துல்லியத்தோடு பார்த்துவிடலாம். காம்போசிட்டில் அப்படி இல்லை. அந்த மென்பொருளில் காம்போசிட்டுக்கென்று மேட் 54 என்றொரு கணித மாதிரி பரவலாகப் பயன்படுகிறது. அதற்குள் சாஃப்ட் என்று ஒரு எண் இருக்கிறது, நசுங்கும் வரிசைக்கு அடுத்த வரிசையின் வலிமையை எவ்வளவு குறைத்து வைக்க வேண்டும் என்பதற்கு. அந்த எண்ணை எந்த அடிப்படை அளவீட்டிலிருந்தும் எடுக்க முடியாது. முதலில் ஒரு குழாயை நிஜமாக நசுக்கி, விடை பொருந்தும்வரை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். குழாயின் வடிவம் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே யாராவது வண்ணப் படத்தோடு காம்போசிட் மோதல் வீடியோ காட்டினால், இதற்கு முன் எதை நசுக்கிப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சின்னத் துண்டு, குழாய், பாகம், முழு வண்டி என்று படிப்படியாகச் சோதித்து வருவதைத் தவிர இன்றைக்கு வேறு நேர்மையான வழி இல்லை.

விமானத்தில் நான் வேலை செய்ததில்லை, ஆனாலும் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. போயிங் 787இன் எடையில் ஏறத்தாழ பாதி காம்போசிட். உடற்பகுதியின் சுற்றுச் சட்டங்கள் அலுமினியமாக இருந்தவரை, விமானம் வயிறு தட்டி இறங்கினால் அவை வளைந்து ஆற்றலை வாங்கும் என்ற நம்பிக்கை இருந்தது. கார்பன் சட்டம் வளையாது, முறியும். ஆகவே அலுமினிய விமானத்தில் கிடைத்த பாதுகாப்பு இதிலும் கிடைக்கும் என்று காட்டியே ஆக வேண்டும் என அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007இல் தனி நிபந்தனை விதித்தது. போயிங் உடற்பகுதியில் ஒரு துண்டை எடுத்து அரிசோனாவில் சுமார் 15 அடி உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்த்தது. இப்படிப்பட்ட விமானங்களில் சரக்குத் தளத்துக்குக் கீழே இருக்கும் குட்டைக் கால்களுக்கு முன்பு பாரம் தாங்குவது ஒன்றுதான் வேலை. இப்போது அவற்றுக்கு அரைபடும் வேலையும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நாம் வாங்கும் காரில் ஏன் இல்லை? விலை என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். விலை உண்மைதான், ஆனால் விலையைப் பற்றிக் கவலைப்படாத கார்களையே பாருங்கள். பிஎம்டபிள்யூ 2013இல் கொண்டுவந்த ஐ3 காரின் பயணிகள் கூடு கார்பன் ஃபைபர், ஆனால் மோதலை வாங்கும் கீழ்ப்பகுதி அலுமினியம். லம்போர்கினி அவென்டடோரிலும் நடுக்கூடு கார்பன், முன்னும் பின்னும் இருக்கும் சட்டம் அலுமினியம். கோடிக்கணக்கில் விலை வைக்கும் இடத்திலேயே ஏன் இப்படி? முக்கியக் காரணம் கோணம் என்று நான் நினைக்கிறேன். பந்தயத்தில் மூக்குக்கு ஒரு குறிப்பிட்ட சோதனை இருக்கிறது, தடுப்புகள் இருக்கின்றன. சாலையில் லாரியின் பின்மூலை, புளியமரம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று எந்தக் கோணத்தில் எது வரும் என்று சொல்ல முடியாது. காம்போசிட் குழாய் நேராக அழுத்தினால் பிரமாதமாக அரைபடும். பத்து, இருபது பாகை சாய்வாக வந்தால் வாங்கும் ஆற்றல் இறங்கத் தொடங்கும். இன்னும் சாய்ந்தால் அரைபடாமல் அடியில் ஒடிந்து விழுந்துவிடும். அலுமினியமும் சாய்வில் கெட்டுப்போகும், ஆனால் ஒடிந்த பிறகும் கையை விடாமல் தொங்கிக்கொண்டு கொஞ்சமாவது இழுத்துப் பிடிக்கும். சின்ன இடியில் என்ன ஆகும் என்பது அடுத்த காரணம். பார்க்கிங்கில் பம்பர் தட்டினால் இரும்பில் நெளிவு கண்ணுக்குத் தெரியும். காம்போசிட்டில் வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அடுத்த பெரிய மோதலில் டிரிகரை மீறி அந்தப் பிரிந்த இடத்திலேயே உடைவு தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் கருவி வேண்டும், தெருமுனைப் பட்டறையில் அது கிடையாது.

அப்படியும் துணிந்து செய்தவர்கள் உண்டு. மெர்சிடிஸும் மெக்லாரனும் சேர்ந்து 2003இல் கொண்டுவந்த எஸ்எல்ஆர் காரின் முன்னால் 620 மில்லிமீட்டர் நீளமுள்ள இரண்டு கார்பன் கூம்புகள் இருந்தன, ஒவ்வொன்றும் வெறும் 3.4 கிலோ. முன்மோதலின் ஆற்றலை வாங்குவதே அவற்றின் வேலை. மேலே சொன்ன 145 கிலோ ஜூல் கணக்கையும் கிலோவுக்கு 60 என்பதையும் வைத்துப் பாருங்கள், சுமார் இரண்டரை கிலோ பொருள் அரைபட்டால் போதும் என்று வரும். ஏழு கிலோ கூம்பு என்பது அந்தக் கணக்குக்கு மேல் தாராளமான மிச்சத்தோடு செய்தது. ஆக, இயற்பியல் தடுக்கவில்லை. சாதாரணக் காருக்கு இது வருமானால் எபாக்சியில் வராது, கண்ணாடி இழையைத் தெர்மோபிளாஸ்டிக்கில் பதித்து ஒரு நிமிடத்தில் அச்சில் அழுத்தி எடுக்கும் முறையில்தான் வரும் என்பது என் கணிப்பு. விலையும் இறங்கும், அடுக்குகளும் லேசில் பிரியாது. இது கணிப்பு மட்டுமே, இதை வைத்து யாரும் முதலீடு செய்ய வேண்டாம்.

கடைசியாக உங்கள் ஃபோர்க். அது மோதலை வாங்கச் செய்த பாகம் அல்ல. வளைவைத் தாங்க, எடை குறைக்கச் செய்தது. பள்ளத்தில் இறங்கியபோது அதன் ஒரு பக்கம் இழுபட்டது, மறுபக்கம் அழுத்தப்பட்டது. எங்கோ ஓரிடத்தில் வலிமை தீர்ந்ததும் ஒரே விரிசலில் முடிந்துவிட்டது. டிரிகரும் இல்லை, அரைபடுவதற்கு இடமும் இல்லை. ஒரு பள்ளத்துக்கே முறிந்தது என்றால், அதற்கு முன்னமே ஒரு விழுகையிலோ, ஹேண்டில் தண்டின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதிலோ உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். முறிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பகுதி புதிதாகக் கறுத்துப் பளபளத்து, ஒரு மூலை மட்டும் மங்கி அழுக்கேறி இருந்தால், அந்த மூலை முன்பே விட்டுப்போயிருந்தது என்று பொருள். பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சிலாம்பு தைத்தால் எடுப்பது கஷ்டம். வீட்டில் ரம்பம் போட்டு அறுக்கவோ உலர்ந்தபடி தேய்க்கவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அதே வண்டியில் ஹேண்டில்பாரும் கார்பன் என்றால், அன்றைய அடியை அதுவும் வாங்கியிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அதையும் மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.